தாத்தாவின் ரசத்துக்கு ஏன் கூடுதல் கொத்தமல்லி?

வயது 60-ஐத் தாண்டியதும் பலருக்கு மோப்பத் திறன் குறைகிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான். அது மங்கினால் சாப்பாடு சப்பென்றிருக்கும். கை உப்பைத் தேடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ நாளுக்கு 5 கிராமுக்குள்.

உப்புக்குப் பதில் மணத்தைக் கூட்டலாமே! கொத்தமல்லித்தழையின் மணம் ஆல்டிஹைடு எனும், எளிதில் ஆவியாகும் சேர்மங்களிலிருந்து வருகிறது. ரசம் கொதிக்கையில் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்தபின் கிள்ளிப் போடுங்கள். பல் இல்லாதவர்களுக்குத் துவையலாக அரைக்கலாம், உப்பைக் குறைத்து.

இத்தழையில் வைட்டமின் கே அதிகம்: 100 கிராமில் சுமார் 310 மைக்ரோகிராம். ரத்தம் உறைய உதவும் சத்து அது. ஆகவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் திடீரென்று தழையின் அளவைக் கூட்டாதீர்கள். முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.