வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது "உலாவி"!
மாற்றினால் என்ன ஆகும்? பயப்பட வேண்டுமா?

தஞ்சைச் சீமையில் இன்று பட்டா, சிட்டா பார்க்கத் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டியது இல்லை. வீட்டில் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும். உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துவிடலாம்.

பட்டா மட்டுமா? பாங்கிக் கணக்கு, ரெயில் டிக்கெட், மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் பரீட்சை முடிவு, எல்லாமே அப்படித்தான்.

இத்தனைக்கும் வாசற்கதவாக இருப்பது எது தெரியுமா? "பிரவுசர்" என்று சொல்கிறோமே, அதுதான். தமிழில் அதற்கு "உலாவி" என்று பெயர்.

கம்ப்யூட்டர் வாங்கிய அன்று அதில் எந்த உலாவி இருந்ததோ, அதையே கடைசி வரை வைத்திருப்பவர்கள் உண்டு. "மாற்றினால் எல்லாம் அழிந்து போய்விடுமோ?" என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

அந்தப் பயம் தேவை இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே தண்ணீர், பல வாய்க்கால்

கல்லணைக்கு வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகிறது. எந்த வழியாகப் போனாலும் அது ஒரே தண்ணீர்தான்.

இன்டர்நெட்டும் அப்படித்தான். உலாவி என்பது அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் வாய்க்கால். உங்கள் பட்டா, சர்க்கார் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்கள் பணக்கணக்கு, பாங்கிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உலாவியை மாற்றினால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

கொடிகட்டிப் பறந்தது, போயிற்று!

உலகின் முதல் உலாவியை 1990-ம் ஆண்டு உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கில விஞ்ஞானி. அப்போது அவர் சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்தார்.

1995-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி "இன்டர்நெட் எக்ஸ்புளோரர்" என்ற உலாவியை வெளியிட்டது. பிறகு அது "விண்டோஸ்" கம்ப்யூட்டர்களில் கூடவே வந்தது. கையில் இருப்பதை விட்டு வேறு எதைத் தேடுவது? உலகத்தில் பெரும்பாலோர் அதையே பயன்படுத்தினார்கள்.

2004-ல் "பயர்பாக்ஸ்" வந்தது. 2008-ல் கூகுள் கம்பெனியின் "குரோம்" வந்தது. குரோமை உருவாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர்களில் முக்கியமானவர், மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை.

ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரை 2022-ம் ஆண்டு ஜூன் 15-ந்தேதி மைக்ரோசாப்ட் கம்பெனியே நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது வருவது "எட்ஜ்".

உங்கள் பின்னால் வருவது யார்?

"இருப்பது நன்றாகத்தானே ஓடுகிறது! எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஒரு நாள் வயலுக்கு மோட்டார் வாங்க எண்ணி, கம்ப்யூட்டரில் விலை பார்க்கிறீர்கள். மறுநாள் பேப்பர் படிக்கப் போனால் அங்கே மோட்டார் விளம்பரம்! சமையல் குறிப்பு பார்க்கப் போனால் அங்கேயும் மோட்டார் விளம்பரம்!

இது மாயம் அல்ல. நீங்கள் போகும் இடங்கள் உங்கள் உலாவியில் சிறு குறிப்புகளை விட்டுவைக்கின்றன. அதற்குக் "குக்கி" என்று பெயர். சில குக்கிகள் உங்களுக்கு உதவும். வேறு சில, நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்று விளம்பரக்காரர்களுக்குத் துப்புக் கொடுக்கும்.

துப்புக் கொடுக்கும் குக்கிகளில் பலவற்றைப் பயர்பாக்ஸ் 2019 முதல் தானாகவே தடுக்கிறது. குரோமிலும் இப்படிப்பட்ட வெளியார் குக்கிகளை ஒழிக்கப் போவதாகக் கூகுள் 2020-ல் அறிவித்தது. ஆனால் 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். ஆப்பிள் கம்பெனியின் "சபாரி" உலாவியில், நாமாக மாற்றாத வரை, எதையாவது தேடினால் அது கூகுள் வழியாகவே போகும். அதற்காக 2022-ம் ஆண்டில் மட்டும் கூகுள், ஆப்பிளுக்குக் கொடுத்த பணம் 2,000 கோடி டாலர்! அமெரிக்கக் கோர்ட்டு வழக்கு ஒன்றில் இது வெளிவந்தது.

இருப்பதை மக்கள் மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் இவ்வளவு விலை!

தஞ்சைக்காரரின் "உலா"

தஞ்சை மாவட்டத்துக் கிராமக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1996-ல் அவரும் மற்றவர்களும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் இன்று "ஜோஹோ" என்று பெயர் பெற்று விளங்குகிறது.

ஜோஹோ கம்பெனி 2023-ம் ஆண்டு ஒரு உலாவியை வெளியிட்டது. அதன் பெயர் "உலா". நல்ல தமிழ்ப் பெயர்! சோழ மன்னர்கள் வீதி உலா வருவதை ஒட்டக்கூத்தர் "மூவர் உலா"வில் பாடியிருக்கிறார். அந்த உலாவில் எல்லோரும் மன்னரைப் பார்ப்பார்கள். இந்த "உலா"வோ, உங்களை யாரும் பின்தொடர்ந்து பார்க்காமல் தடுப்பதற்கு என்று சொல்லப்படுகிறது. குழந்தைகளுக்கு என்று தனிப் பகுதியும் இதில் உண்டு.

இந்திய உலாவி ஒன்றை உருவாக்க மத்திய சர்க்கார் நடத்திய போட்டியில் ஜோஹோ முதல் பரிசு ரூ.1 கோடி பெற்றது. முடிவு 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒன்று. குரோம், எட்ஜ், உலா ஆகிய மூன்றுக்கும் அடிப்படை "குரோமியம்" என்ற ஒன்றேதான். பயர்பாக்சின் அடிப்படை வேறு. நம் ஊர்க்காரர் செய்தது என்பதற்காக மட்டும் மாற வேண்டாம். பயன்படுத்திப் பார்த்து, பிடித்தால் மாறுங்கள்.

மாற்றுவது எப்படி?

புது விதை நெல் வந்தால் விவசாயி என்ன செய்வார்? எடுத்த எடுப்பில் நிலம் முழுவதும் விதைப்பாரா? ஒரு மா நிலத்தில் விதைத்து விளைச்சலைப் பார்ப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு உலாவிகள் இருக்கலாம். ஒன்றை ஒன்று கெடுக்காது.

1. புது உலாவியை, அதை வெளியிட்ட கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் இருந்தே இறக்குங்கள். யாரோ அனுப்பும் லிங்க்கை நம்பாதீர்கள்.

2. முக்கியமான பாஸ்வேர்டுகளை முதலில் ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள். சில சமயம் அவை புது உலாவிக்குத் தானாக வருவது இல்லை.

3. புது உலாவியின் "செட்டிங்ஸ்" பகுதியில் "இம்போர்ட்" என்று இருக்கும். அதை அழுத்தினால், பழைய உலாவியில் நீங்கள் குறித்து வைத்த பக்கங்கள் புதியதற்கு வந்துவிடும்.

4. பத்து நாள் பழகுங்கள். பட்டாப் பக்கமும் பாங்கிப் பக்கமும் சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிடித்திருந்தால், கம்ப்யூட்டரின் செட்டிங்சில் "டிபால்ட் ஆப்ஸ்" என்ற இடத்தில் புதியதைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்காவிட்டால் பழையது அங்கேயே இருக்கிறது!

இதை மறக்க வேண்டாம்

பழைய "விண்டோஸ் 7" கம்ப்யூட்டரா? அதற்குப் புதுக் குரோம் 2023 பிப்ரவரி முதல் வருவது இல்லை. திருடர்கள் கண்டுபிடிக்கும் புதுப்புது ஓட்டைகளைப் பழைய உலாவி அடைக்காது. அந்தக் கம்ப்யூட்டரில் பாங்கி வேலை வேண்டாம்.

இ-சேவை மையம் போன்ற வெளியிடங்களில், "பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா?" என்று உலாவி கேட்டால், "வேண்டாம்" என்றே சொல்லுங்கள். பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது அதில் சேமித்த பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

எந்த உலாவி நல்லது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. கம்ப்யூட்டர் விற்றவர் வைத்தது என்பதற்காக அதையே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை!

இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன உலாவி இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.