அட்டையும் ஹால் டிக்கெட்டும்

1980களில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கைக்கு வந்ததும் முதல் வேலை, மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறுவதுதான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். பதிவு எண் எழுதிய அட்டையோடு வீடு திரும்பினால், வேலையே கிடைத்துவிட்ட மாதிரி அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போச்சு. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, முத்திரைகள் நிறைந்த அந்த அட்டைகள் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. இன்டர்வியூ கார்டு வரும்போது சிலருக்குத் தலை நரைத்திருந்தது.

ஆனாலும் வரிசை நகர்ந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் விளம்பரம் செய்தும் ஆளெடுக்க வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆனால் பதிவு மூப்பின் மதிப்பு அதோடு கரையத் தொடங்கியது. 2001இல் தமிழக அரசு புதிய நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 வரை நீடித்தது. பலருடைய இருபதுகள் அதிலேயே கழிந்தன.

இன்று பதிவு இணையத்தில். கூட்டம் தேர்வுக்கூடத்தில். அரசு வேலைக்கான 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்தது 7,301 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பு போதும் என்ற அந்தத் தேர்வில் இன்ஜினியர்களும் உட்கார்ந்தார்கள். ஜூலை 24இல் எழுதியதற்கு முடிவு வந்தது அடுத்த மார்ச் 24இல்.

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஓரம் சுருண்ட பள்ளிப் பாடப் புத்தகங்கள். முப்பதை நெருங்குகிறவர்கள் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலை மறுபடி மனப்பாடம் செய்கிறார்கள். இவர்களில் பலர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவதில்லை. போனால், "தம்பி, இப்ப என்ன பண்றீங்க?" பெண்களுக்கு வீட்டில் கொடுக்கும் தவணை இன்னும் குறைவு, இரண்டு தேர்வு தவறினால் மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார்கள். தனியார் கம்பெனிக்குப் போகலாம் என்றால், ரெஸ்யூமில் நான்கு வருடம் காலியாக இருக்கிறதே என்கிறார்கள். அதற்குள் படித்த இன்ஜினியரிங்கும் மறந்துபோயிருக்கும். வேலையில்லாத காலமே, வேலை கிடைக்காததற்குக் காரணமாகிவிடுகிறது.

இவர்களைச் சோம்பேறிகள் என்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. தினம் பத்து மணி நேரம் படிக்கிறவரா சோம்பேறி? அரசுப் பணத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருக்கும் ஏழைப் பட்டதாரிக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய்.

2024 குரூப் 4 முடிவு ஐந்து மாதத்துக்குள் வந்துவிட்டது. மனம் வைத்தால் முடிகிறது. எல்லாத் தேர்வுக்கும் அந்த வேகம் வேண்டும். அந்த 600 ரூபாயையும், ஒரு மாதப் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் காணும் அளவுக்காவது அரசு உயர்த்தட்டும்.