குறைந்த இறப்பு விகிதத்தை நம்பாதீர்கள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் செட்டிபாளையத்தின் போர்க்கால இறப்பு விகிதம் இவ்வளவு என்று யாராவது ஓர் எண்ணைத் தந்தால், எத்தனை பேரால் வகுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

1981க்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில் குடிசன மதிப்பீடு முழுமையாக நடந்தது 2012இல்தான். 1991இல் இலங்கையில் எங்குமே நடக்கவில்லை. 2001இல் வடக்கு கிழக்கில் அரைகுறையாக முடிந்தது. ஆக, ஒரு தலைமுறைக் காலத்துக்கு வகுக்கும் எண்ணே பெரும்பாலும் ஊகம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 10,000 பேர் வாழ்ந்த ஊரில் 4,000 பேர் இடம்பெயர்கிறார்கள். எஞ்சியவர்களில் 90 பேர் சாகிறார்கள், 60 மரணங்களே பதிவாகின்றன. பழைய சனத்தொகையால் வகுத்தால் ஆயிரத்துக்கு 6. உண்மையில் 15. சண்டை நடந்த ஊர், ஏட்டில் சுகமான ஊராகிவிடுகிறது.

பிறப்பிலும் இதே சிக்கல்தான். பிறப்பு, நிகழ்ந்த இடத்தில் பதியப்படுகிறது. செட்டிபாளையத்துத் தாய் களுவாஞ்சிகுடியிலோ மட்டக்களப்பு நகரிலோ பிள்ளை பெற்றால், அது அந்த இடத்துக் கணக்கு. 42 நாட்களுக்குள் பதியவேண்டும் என்கிறது சட்டம். அகதி முகாமில் இருந்தவர்களுக்கு அது எப்படி முடிந்திருக்கும்?

ஆனால் மிகப் பெரிய ஓட்டை காணாமல் ஆக்கப்பட்டவர்கள். 1990 செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேர் திரும்பவில்லை. உடல் இல்லை, அந்த வருடத்து மரணப் பதிவில் அவர்கள் ஏற வழியும் இருக்கவில்லை. 2004 சுனாமியில் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிய 2005இலேயே தனிச்சட்டம் வந்தது. போரில் காணாமற்போனோருக்கு அத்தகைய சட்டம் 1995இலும், மறுபடி 2010இலும் தற்காலிகமாகவே வந்தது. அப்போதும் பல தாய்மார் மரண அத்தாட்சிப் பத்திரத்தை வாங்க மறுத்தார்கள். வாங்கினால் பிள்ளை எங்கே என்று கேட்கும் உரிமை போய்விடும் என்று அஞ்சினார்கள். அது நியாயமான அச்சம். 2016இல்தான், இறந்தவர் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழி பிறந்தது.



ஊர் வரலாறும் ஆய்வும் எழுதுகிறவர்கள், மருத்துவமாதுகளின் பழைய கொப்பிகளையும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கறையான் தின்னுமுன் தேடி எடுக்கவேண்டும். பெயர்களை வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டும். அதுவரை அந்த வருடங்களுக்கு விகிதம் போடாமல் கட்டத்தை வெற்றாகவே விடட்டும்.