கணினிச் சாளரமும் எளிமொழி உறையும்

ஆழ்கடல் பல கடந்து வந்த மாலுமியாயினும், தான் பழகாத துறையொன்றினுள் நுழையும்போது, அத்துறையின் ஆழமும் நீரோட்டமும் அறிந்த வழிகாட்டி ஒருவரைக் கப்பலில் ஏற்றிக்கொள்வது மரபு. சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இது புதுச் செய்தியன்று. வழிகாட்டி கடலின் ஆழத்தை மாற்றுவதில்லை. அதனை அறிந்து கப்பலை நடத்துகின்றார். கணினித் துறையிலும் இத்தொழிலைச் செய்யும் மென்பொருள் உண்டு. கடினமான கட்டளைத் தொகுதி ஒன்றின்மேல் எளிய மொழியாற் போர்த்தப்படுதலின் அதனை 'உறை' என்பர். அதன் இயல்பையும், தமிழ் மாணவர்க்கு அதனால் விளையும் பயனையும் இங்கு சுருங்கக் கூறுவாம்.

கணினித் திரையில் ஒரு சாளரமோ பொத்தானோ தோன்றவேண்டுமாயின், செய்நிரல் பணிசெயல் முறைமையிடம் அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். 1985 இல் வெளிவந்த விண்டோஸ் முறைமையின் கட்டளைத் தொகுதி 'சி' மொழியில் எழுதுவோரை நோக்கி அமைந்தது. இன்று அதிற் சாளரம் ஒன்றை ஆக்கும் கட்டளைக்கு மாத்திரம் 12 விவரங்கள் கொடுத்தல் வேண்டும். அதற்கு முன்னரே சாளரத்தின் வகையைப் பதிவுசெய்தல் வேண்டும். பின்னர், விசைப்பலகையிலிருந்தும் சுட்டியிலிருந்தும் வரும் செய்திகளை ஓயாது வாங்கி உரியவிடத்துக்கு அனுப்பும் சுழலொன்றையும் எழுதுதல் வேண்டும். 'வணக்கம்' என்னும் ஒரு சொல்லைத் திரையிற் காட்ட விரும்பும் இளம் மாணவன் வாயிலிலேயே களைத்துவிடுவான்.

இக்குறையை நீக்க முயன்றோருள் ஒருவர் அமெரிக்க நாட்டின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ஜோன் ஔஸ்டர்ஹவுட் என்பார். அவர் 1988 இல் 'டிக்கிள்' என்னும் எளிய மொழியையும், அதனைத் தொடர்ந்து சாளரங்களை ஆக்கும் 'டிக்கே' என்னும் கருவித் தொகுதியையும் உருவாக்கினார். 1991 இல் வெளிவந்த பைதன் மொழியும் பின்னர் டிக்கேயைத் தனக்கு உரிய உறையொன்றினால் வழங்கலாயிற்று. அதன்வழி நம் மாணவன் 'வணக்கம்' சொல்ல ஐந்தாறு வரிகளே போதும்.

உறை செய்யும் பணிகள் மூன்று. முதலாவது, பைதனின் எண்ணையும் சொல்லையும் கீழ்த்தளம் ஏற்கும் வடிவுக்கு மாற்றுதல். இரண்டாவது, பயனர் பொத்தானை அழுத்தியவுடன் அச்செய்தியைக் கீழிருந்து மேலே கொணர்ந்து, மாணவன் எழுதிய செயலை இயக்குதல். மூன்றாவது, பயன்படுத்திய நினைவகத்தை உரிய காலத்தில் விடுவித்தல்.

எனினும் உறை கீழ்த்தளத்தை ஒழித்துவிடுவதில்லை. சாளரத்தில் இடும் படத்தைச் செயலொன்றினுள் மாத்திரம் பெயரிட்டு வைத்தால், அச்செயல் முடிந்தவுடன் பைதன் அதனைக் கழித்துவிடும். சாளரத்திற் படமிருக்கவேண்டிய இடம் வெறிதாய்க் கிடக்கும். பொத்தானை அழுத்தியபின் நெடுங்கணக்கொன்று ஓடினால், முன்னர்க் கூறிய செய்திச்சுழல் தடைப்பட்டுச் சாளரம் உறைந்து நிற்கும். உறையை மாத்திரம் கற்றவன் இங்கே திகைப்பான். அடித்தளமும் அறிந்தவன் காரணத்தைக் கண்டுகொள்வான்.

இனித் தமிழுக்கு வருவோம். 'சீனன்குடா' என்னும் பெயரில் நமது இலக்கணப்படி எழுத்துகள் 5. யூனிக்கோட் முறையிற் குறியெண்கள் 9. அவற்றை யூரிஎவ்-8 முறையிற் சேமித்தால் 27 பைட்டுகள். பைதனிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 9 என்றே விடை தரும். 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுதியோ அதனைத் தமிழெழுத்துகளாகப் பிரித்து 5 எனக் கணிக்க உதவுகின்றது. கற்போன் மனத்திலுள்ள கருத்தோடு பொருந்துவதே நல்ல உறை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வழியில் ஒரு படி மேலே சென்றது, முத்தையா அண்ணாமலை அவர்கள் பைதன்மீது அமைத்து, 2009 இல் ஆய்வுக்கட்டுரை வாயிலாக விளக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி. அதில் 'பதிப்பி' என்றெழுதினால் திரையில் எழுத்துத் தோன்றும். இஃதன்றி, 2008 இன் இறுதியில் வெளிவந்த பைதன் 3, செயல்களுக்கும் மாறிகளுக்கும் தமிழிலேயே பெயரிட இடந்தருகின்றது. ஆகவே, 'சாளரம்', 'பொத்தான்', 'காட்டு' எனத் தமிழ்ப் பெயர்கள் கொண்ட சிற்றுறை ஒன்றை நம் மாணவர் தாமே ஆக்கலாம்.

இலங்கையில் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலில் பைதன் பாடமாகியுள்ளது. ஆங்கிலம் வாய்க்காத காரணத்தாற் கூரிய அறிவுடைய பிள்ளையொன்று இத்துறையைக் கைவிடுமாயின், இழப்பு அப்பிள்ளைக்கு மாத்திரமன்று, நம் ஊருக்குமாம். தமிழுறை அப்பிள்ளையைத் துறைக்குட் கொண்டுவரும். ஆயினும் அங்கேயே நங்கூரமிட்டுவிடாமல், கீழுள்ள ஆழத்தையும் அது அளந்தறிதல் வேண்டும். மென்பொருட் பணியிலுள்ள பழைய மாணவர்கள், அவ்வாழத்தை விளக்கும் பாடங்களைத் தமிழில் எழுதித் தருவார்களாயின், பயின்ற கல்லூரிக்கு இந்நன்னாளிற் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.