டயல்-அப் இணைய இணைப்பு

டயல்-அப் என்பது தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணையத்துடன் இணைக்கும் முறை ஆகும். கணினியின் தரவைக் கம்பியில் செல்லும் ஒலி அலைவரிசைக் குறிகையாகவும், வரும் குறிகையை மீண்டும் தரவாகவும் மோடம் மாற்றுகிறது. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இச்சேவையைப் பொதுமக்களுக்குத் தொடங்கியது.

அமைக்கும் முறை (விண்டோஸ் 98)

1. சுவரிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியை மோடத்தின் 'லைன்' துளையிலும், தொலைபேசியை 'ஃபோன்' துளையிலும் செருக வேண்டும்.
2. 'மை கம்ப்யூட்டர்' சாளரத்தில் 'டயல்-அப் நெட்வொர்க்கிங்' திறந்து, 'மேக் நியூ கனெக்‌ஷன்' என்பதைச் சொடுக்க வேண்டும்.
3. மோடத்தைத் தேர்ந்து, சேவை நிறுவனம் தந்த அழைப்பு எண்ணை இட வேண்டும்.
4. உருவான இணைப்பைத் திறந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு 'கனெக்ட்' சொடுக்க வேண்டும்.

உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். அந்த வேகத்திலும் ஒரு மெகாபைட் இறங்கச் சுமார் இரண்டரை நிமிடம் ஆகும். கம்பியில் இரைச்சல் இருந்தால் வேகம் குறையும். இணைப்பு அறுவதும் உண்டு. இணைப்பில் இருக்கும்வரை அதே கம்பியில் தொலைபேசியில் பேச இயலாது.

கடலோரப் பயன்பாடு

அனுமந்தைக்குத் தெற்கே, புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் ஊரக அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவ மையம் டயல்-அப் வழியே இணையத்தை அடைந்தது. அங்கிருந்து ஊர்களுக்குச் செய்திகள் வானொலி அலை மூலம் சென்றன. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்ய முடிந்தது.