அண்ணாந்து பார்க்கும் வேலை

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் முதலமடை. மற்ற ஊர்களில் மாமரம் பூத்துக்கொண்டிருக்கும் ஜனவரியிலேயே இங்கே காய் பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். முந்தி வரும் காய்க்கு வடக்கே நல்ல விலை. அந்த விலைக்காகவே, பூ வந்த நாளிலிருந்து தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடிப்பு விடாமல் நடக்கும்.

நெல்வயலில் மருந்தடிப்பவர் குனிந்து அடிக்கிறார். மாந்தோப்பில் அண்ணாந்து அடிக்க வேண்டும். பவர் ஸ்பிரேயரின் நீண்ட குழாயைப் பிடித்து இருபது அடி உயரக் கிளைக்குக் குறிவைத்தால், இலையில் ஒட்டாத மருந்து அடித்தவர் முகத்துக்கே திரும்பி வருகிறது. பட்டறையில் ஆபத்து முன்னாலிருந்து பாயும். தோப்பில் மேலிருந்து விழும். பாதுகாப்புக் கண்ணாடி வாங்கப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது இந்தத் திசையைத்தான். விலை, கனம், பிராண்டு எல்லாம் அப்புறம்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதலமடை பாலக்காட்டுக் கணவாயின் தென்புறம், தென்மலை அடிவாரத்தில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து கணவாய் வழியே வறண்ட காற்று விசிறியடிக்கும். மாம்பூவும் அப்போதுதான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள துளி, நொடிக்குக் கால் மீட்டர் அளவில்தான் கீழிறங்கும். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்கு இருபது நொடிக்கு மேல் ஆகும். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று அடித்தால்கூட, நடுவில் ஆவியாகிப் போகாத துளி அறுபது மீட்டர் தள்ளித்தான் விழும். அடுத்த வரிசையில் களை எடுப்பவர் கண்ணிலும் விழலாம்.

கடையில் கிடைக்கும் சாதாரணக் காகிள்ஸின் மேல்விளிம்பில் காற்று போக வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அறுவைத் தூளுக்கு அது போதும். அண்ணாந்து அடிப்பவர் அதை மாட்டினால் ஒவ்வோர் ஓட்டையும் ஒரு புனல். அவருக்கு வேண்டியது, காற்று வளைந்து நுழையும்படி மூடி வைத்த துவாரங்கள் கொண்டது. காற்று வளையும், கனமான துளி வளையாமல் மூடியில் மோதி வழிந்துவிடும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 166-இன்படி செய்த கண்ணாடியில், சட்டத்தில் 3 என்று பொறித்திருந்தால் அது தெறிக்கும் திரவத்தைத் தாங்கும். 4 என்றால் பெருந்தூசியை. நம் நாட்டில் இதற்கான தரம் ஐ.எஸ். 5983. ஆனால் 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் பாதுகாப்பு உடைகளில் ஒன்றாகச் சொல்வது ‘தூசி புகாத’ கண்ணாடியை. ஈரமாய் விழும் மருந்துக்குத் தூசிக் கண்ணாடி! விதி எழுதியவர்கள் மாந்தோப்பு பக்கம் வரவில்லை போலிருக்கிறது.

இறுக மூடிய கண்ணாடி வியர்வையில் பனித்துப் போகும். கண் தெரியாமல் யாரும் வேலை செய்ய முடியாது. கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுவார்கள். விலை உயர்ந்த கண்ணாடிகள் நெற்றியில் கிடப்பதற்கு இதுதான் காரணம், அலட்சியம் அல்ல. பனி படியாத பூச்சு என்பது நீரைத் தடுப்பதில்லை, அதைத் துளித்துளியாக நிற்கவிடாமல் மெல்லிய ஏடாகப் பரப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பூச்சைத் தோளில் கிடக்கும் துண்டால் இரண்டு நாள் துடைத்தால் போயே போச்சு. முதலில் தண்ணீரில் அலச வேண்டும், பிறகு ஒற்றி எடுக்க வேண்டும்.

வில்லையின் பொருளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாலிகார்பனேட் கல்லடிக்கு அசையாது. புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து சுண்டித் தெறிக்கும் கல்லுக்கும், குவாரியில் பறக்கும் சில்லுக்கும் அதுதான் சரி. ஈ.என். தரத்தில் எஃப் என்ற எழுத்து இருந்தால், 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதியும் வில்லை தாங்கியது என்று பொருள். ஆனால் எண்ணெய் வடிவ மருந்துகளில் சேர்க்கும் கரைப்பான்கள் பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல் விட வைத்துவிடும். டப்பாவைத் திறந்து அடர் மருந்தை அளந்து கலக்கும் வேலைக்கு அசிடேட் வில்லையே மேல். இரண்டு வேலைக்கும் ஒரே கண்ணாடி என்பது சிக்கனம்போலத் தோன்றும், ஆனால் சிக்கனம் அல்ல.

பறிப்பு தொடங்கினால் சொணை. காம்பு ஒடிந்ததும் பீய்ச்சும் அந்தப் பால் தோலையே புண்ணாக்கும். சேங்கொட்டையும் முந்திரியும் மாவுக்கு உறவுதானே. தொரட்டியோடு மேலே பார்த்து நிற்பவருக்கும் பக்கம் மூடிய கண்ணாடி வேண்டும்.

சின்னக் கீறல்தானே என்று விடுவதில்தான் வினை. கருவிழியின் தடிமனே அரை மில்லிமீட்டர்; அதில் ரத்தக்குழாய் கிடையாது, அதனால் எதிர்ப்புப் படை வந்து சேரத் தாமதமாகும். 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. சோதனையில் கிருமி தென்பட்டவர்களில் பாதிக்கு நெருக்கமானவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று. இலையும் குச்சியும் உமியும் உரசும் கண்ணில் பூஞ்சை குடியேறுவது சுலபம், விரட்டுவது கடினம். மருந்தே கண்ணில் பட்டுவிட்டால் தாமதம் வேண்டாம்: இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கூடாது.

வாங்கிய கண்ணாடியை மருந்தில் சோதிக்க வேண்டியதில்லை. அதை மாட்டும்போது உள்ளே புருவத்தை ஒட்டி மெல்லிய காகிதத்தை மடித்து வையுங்கள். அண்ணாந்து நின்று, பக்கத்தில் இருப்பவரைத் தலைக்கு மேல் வெறும் தண்ணீரை ஒரு நிமிடம் ஸ்பிரே செய்யச் சொல்லுங்கள். காகிதம் நனைந்திருந்தால் அந்தக் கண்ணாடி புல்வெட்டும் வேலைக்கு. மருந்தடிக்க வேறு ஒன்று வாங்குங்கள்.