கயத்தாற்றில் ஓர் எம்டன் ஆல்பம்!

எங்கள் பக்கம் ஒருவனைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன்லா!" என்று சொன்னால் அவனுக்குக் கோபமே வராது. மீசையைத் தடவிக்கொண்டு போவான். கறாரான அப்பாக்களுக்கும் பிள்ளைகள் வைக்கிற பட்டப் பெயர் அதுதான். 2006-ல் ஒரு படத்துக்கே 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, பிறகு வரிவிலக்குக்காக 'எம் மகன்' என்று சுருக்கினார்கள். எம்டன் என்பது தமிழ் வார்த்தையே இல்லை என்பது அப்போதுதான் பல பேருக்குத் தெரிந்தது!

எம்டன், ஜெர்மனியில் கடலோரமாக இருக்கிற ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரை வைத்த போர்க்கப்பல்தான் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைக்கு வந்து குண்டு போட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டு மறந்துபோன சமாசாரம். அதை மறக்காமல், படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிற ஒரு மனிதர் கயத்தாற்றில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

கயத்தாறு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கட்டபொம்மன். 1799 அக்டோபர் 16-ல் வெள்ளைக்காரன் அவரைப் புளியமரத்தில் தூக்கில் போட்ட ஊர். மதுரை - திருநெல்வேலி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் சிலையைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவார்கள். இந்த ஊரில் ஜெர்மன் சிப்பாய்களுக்கு என்ன வேலை?

நம்மாள் ரிட்டையர்டு பாங்க் கேஷியர். பெயர் போடக்கூடாது என்பது கண்டிஷன். "பேரைப் போட்டியன்னா நாளைக்கே நாலு பேரு வந்து 'ஹிட்லர் வீடு எது'ன்னு கேப்பான் தம்பி" என்றார். ஆகவே அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

ஆல்பம் என்றதும் தோல் அட்டை, தங்க எழுத்து என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். வந்தது கல்யாண ஆல்பம். கல்யாணப் படங்களை வேறு எங்கோ மாற்றிவிட்டு (அண்ணிக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது) அந்த இடத்தில் கார்டுகளைச் செருகியிருந்தார். முதல் பக்கத்தில் எம்டன் கப்பல். அடுத்த பக்கத்தில் அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். ஒல்லியான முகம், கூரான மூக்கு. போர்வீரர் என்றே சொல்ல முடியாது, கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கிறார்.

முதல் உலகப் போர் சமயத்தில் ஜெர்மனியில் இந்த மாதிரி போஸ்ட் கார்டுகள் அமோகமாக விற்றன. நம் ஊரில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைப் பெட்டிக்கடையில் வாங்கிச் சேர்த்தோமே, அப்படி. பெர்லினில் சாங்கே என்று ஒரு கம்பெனி விமான வீரர்களை நம்பர் போட்டு வரிசையாக வெளியிட்டது. 80 விமானங்களை வீழ்த்திய ரிக்தோஃபன், இம்மெல்மன், பொல்கே எல்லாரும் அதில் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். மூன்று பேருமே போர் முடிவதற்குள் செத்துப்போனார்கள். கார்டு மட்டும் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தது!

எம்டன் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி தெரிய வேண்டும் என்று மூன்று புகைபோக்கிகளோடு நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு திரிந்த கப்பல் அது. (எம்டன் என்றால் பலே கைக்காரன் என்று சும்மாவா அர்த்தம் வந்தது?) சென்னைக்கு வந்தபோது ராத்திரி ஒன்பதரை மணி சுமார். ஊரெல்லாம் விளக்கு. போர் நடக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் லைட்ஹவுஸ்கூட எரிந்துகொண்டிருந்தது. 'வாங்க, வாங்க' என்று வெற்றிலை பாக்கு வைக்காத குறை! அரை மணிக்குள் நூற்றுச் சொச்சம் குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் சில உயிர்கள் போயின. அவ்வளவுதான், எம்டன் வந்த வழியே போய்விட்டது. சென்னைக்காரர்கள்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ரயிலேறினார்கள். ஒரு குண்டு விழுந்த இடத்துக்கு ஹைகோர்ட் சுவரில் இன்றைக்கும் கல்வெட்டு இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'எம்டனில் செண்பகராமன் பிள்ளை வந்தார்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். கப்பலில் வந்ததற்கு ஆதாரம் கிடையாது. அவர் செய்த நிஜமான காரியங்களே நிறைய இருக்க, இல்லாத கப்பலில் அவரை எதற்கு ஏற்ற வேண்டும்?

1914 நவம்பர் 9-ல் கொக்கோஸ் தீவு பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' என்ற கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. நூற்று முப்பது பேருக்கு மேல் சாவு. தீவில் இறங்கியிருந்த ஐம்பது பேர் மட்டும் 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். கொப்பரை ஏற்றுகிற, நம் தூத்துக்குடித் தோணி மாதிரியான கப்பல். அதிலே கிளம்பி, வழியில் வேறு கப்பல் மாறி, அரேபியாவில் இறங்கி, ஒட்டகம், ரயில் என்று மாறி மாறி, 1915-ல் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். சினிமாவில் காட்டினால் 'ரீல்' என்போம்.

கேப்டன் முல்லர் கைதியானார். 1918-ல் ஜெர்மனியின் மிகப் பெரிய வீர விருதைக் கொடுத்தார்கள். எம்டனில் பிழைத்தவர்கள் தங்கள் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தார்கள். முல்லர் 1923-ல் இறந்துபோனார். அவரைப் பற்றி அண்ணாச்சி சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. "எல்லாரும் இவரை புஸ்தகம் எழுதுங்கன்னு நச்சரிச்சிருக்கான். கூட இருந்தவங்க ரத்தத்தை வித்துக் காசு பண்ற மாதிரி இருக்கும், முடியாதுன்னுட்டாரு. நம்ம ஆளுகளா இருந்தா மூணு பாகம் எழுதியிருப்பான்!"

சரி, இதுவரை கப்பல் கதை. ஆல்பத்தின் பின்பாதியைத் திருப்பியதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. இரண்டாம் உலகப் போர். கழுத்தில் சிலுவைப் பதக்கம் தொங்க, விறைப்பான முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து.

'நைட்ஸ் கிராஸ்' என்ற அந்தப் பதக்கத்தை ஹிட்லர் 1939 செப்டம்பர் 1-ல், போலந்துக்குள் படை நுழைந்த அன்றைக்கே ஏற்படுத்தினார். ஏழாயிரத்துச் சொச்சம் பேருக்குக் கொடுத்தார்கள். பதக்கம் வாங்கியவரை ஹிட்லரின் சொந்த போட்டோகிராபர் ஹாஃப்மன் போஸ்ட் கார்டாகப் போட்டு விற்பார். வில்ரிச் என்ற ஓவியர் பென்சிலில் வரைந்து கொடுப்பார். பையன்கள் அதை வாங்கி, அந்த வீரருக்கே தபாலில் அனுப்பி, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். படத்தைப் பார்த்த பையன் அடுத்த வருஷம் பட்டாளத்தில் சேருவான். அதற்காகத்தான் அந்தக் கார்டே!

போர் முடிந்து, பிழைத்த வீரர்கள் தாத்தாக்களானார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து கடிதம் போனாலும் பல பேர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணாச்சிக்குக் கிடைத்தது அப்படித்தான். எழுபதுகளில் பேனா நட்பு என்று ஒரு பைத்தியம் இருந்ததே, அதில் ஹாம்பர்க்கில் ஒரு நண்பர். அவர் விலாசங்களை அனுப்ப, இவர் கயத்தாறு தபாலாபீஸிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். பதில் தபாலுக்கு வெளிநாட்டு ரிப்ளை கூப்பனும் வைத்து.

"போஸ்ட்மாஸ்டர் என்னைய ஒற்றன்னே நெனச்சுட்டாரு தம்பி!"

இப்போது இதெல்லாம் நல்ல விலைக்குப் போகிறது. விலை ஏறினால் கள்ளச்சரக்கும் கூடவே வருமே! அண்ணாச்சி தன் கேஷ் கவுன்டர் புத்தியை இதில் காட்டினார். கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று வைத்திருக்கிறார். கார்டை அதன் அடியில் வைக்கிறார். காகிதத்தை வெளுப்பாக்க ஒரு ரசாயனம் சேர்ப்பது 1950 வாக்கில்தான் பழக்கத்துக்கு வந்தது. அது சேர்ந்த காகிதம் ஊதா வெளிச்சத்தில் நீலமாகப் பளீரென்று மின்னும். '1941 கார்டு' என்று ஒருவன் விற்க, அது வேட்டி விளம்பரம் மாதிரி மின்னினால் ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்துவிடலாம். அடுத்தது பேனா. ஜெர்மனியில் சாதாரண ஜனங்கள் கைக்கு பால்பாயிண்ட் வந்ததே போருக்கு அப்புறம். ஆகவே பால்பாயிண்ட் கையெழுத்து என்றால் தாத்தா காலத்துக் கையெழுத்து, அல்லது தாத்தாவுக்கே தெரியாத கையெழுத்து! சாய்த்துப் பார்த்தால் மை மினுங்க வேண்டும். படத்தோடு படமாகப் படிந்து கிடந்தால் அச்சடித்தது.

எல்லாம் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்த ஒரு பக்கம் வரும்வரை.

கார்ல் டோனிட்ஸ்.

நீர்மூழ்கிக் கப்பல்களின் தளபதி. ஹிட்லர் தற்கொலை செய்துகொண்ட பிறகு மூன்று வாரம் ஜெர்மனியின் தலைவர். நியூரம்பெர்க் கோர்ட்டில் பத்து வருஷம் ஜெயில் வாங்கியவர். முப்பதுகளில், எம்டன் என்றே பெயர் வைத்த பிந்திய கப்பல் ஒன்றுக்கு கேப்டனாக இருந்தவர். அந்தக் கண்ணியை வைத்துத்தான் அண்ணாச்சி 1978-ல் எழுதியிருக்கிறார். படம் கையெழுத்தோடு வந்திருக்கிறது.

"அண்ணாச்சி, இவரை எதுக்கு வச்சிருக்கீங்க? இவர் அனுப்புன நீர்மூழ்கிங்க மூழ்கடிச்ச கப்பல்கள்ல நம்ம ஆளுங்க எத்தனை பேர் போயிருப்பாங்க?"

நான் சும்மா கேட்கவில்லை. அந்தப் போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் கரி அள்ளிப் போட்டவர்களிலும் டெக் கழுவியவர்களிலும் பலர் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தியர்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் படத்தை யாரும் போஸ்ட் கார்டாகப் போடவில்லை.

அண்ணாச்சி கார்டை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒட்டிய துண்டுச் சீட்டில், பென்சிலில், தமிழில், நியூரம்பெர்க் தீர்ப்பு, தேதி, தண்டனை எல்லாம் எழுதியிருந்தது. "பேத்தி பாத்துட்டு 'தாத்தா, யாரு இந்த ஹீரோ'ன்னு கேட்டா. அன்னைக்கே எழுதி ஒட்டிட்டேன்."

மும்பையிலிருந்து ஒருவர் போன் செய்து, இந்த ஒரு கார்டுக்கு அண்ணாச்சியின் நாலைந்து மாச பென்ஷனைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்னையில் இருக்கும் மகன், 'வித்துட்டு ஃபிளாட் அட்வான்ஸுக்குக் குடுங்கப்பா' என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். நான் மகன் கட்சி. அண்ணாச்சி, "என்ன பண்ணப் போறீயன்னு கேட்டேன். ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டப்போறேங்கான். அந்த சீட்டோட மாட்டுவியளான்னேன். போனை வச்சுட்டான்" என்றார்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. சீட்டு எழுதி ஒட்டினால் படத்தின் மிடுக்கு குறைந்துவிடுமா? பதினெட்டு வயசுப் பையன் முன்பக்கத்தைத்தானே பார்ப்பான்! அந்தக் கார்டுகளைத் தயாரித்தவர்கள் அதைத் தெரிந்துதானே தயாரித்தார்கள்? ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டினால் ஜெர்மனியிலேயே இன்றைக்கும் தண்டனை உண்டு. நான் என்றால் முல்லரை வைத்துக்கொண்டு டோனிட்ஸைக் கிழித்துப் போடுவேன். சொன்னேன்.

"கிழிச்சா, அவன் செஞ்சதும் சேந்து கிழிஞ்சுருமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, அண்ணியிடம் இன்னொரு காபி சொன்னார்.

கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். சுபேதார் சுப்பிரமணியனுக்காம்.

எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்? காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ பக்கம் ஜெர்மன்காரன் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். கூட இருந்த ஒருவர் மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில நொடிகள் இருந்தன. ஓடியிருக்கலாம். ஓடாமல், அதன் மேலேயே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் விருதை அவர் இறந்த பிறகு கொடுத்தார்கள்.

"ஜெர்மன்காரன் கையெழுத்து காசு குடுத்தா நூறு கிடைக்கி. நம்மாளு கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு கிடைக்கல. படமாச்சும் கிடைக்குமான்னு பாக்கேன்."

பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். இங்கிலீஷைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். கேஷியர் இங்கிலீஷ், ஒரு கமா கூடப் பிசகில்லை. விலாசத்தில் பின்கோடு மட்டும் விட்டுப்போயிருந்தது. போட்டுக் கொடுத்தேன். ஸ்பீட் போஸ்டில் போயிருக்கிறது.